ரன்னை நாலாகப் பிரித்தோம்

ஏலப்பாறைக்கு மேலே இருக்கும் எங்கள் எஸ்டேட் ஃபாக்டரியைச் சுற்றிப் பார்க்க இப்போதெல்லாம் தினமும் டூரிஸ்ட்டுகள் வருகிறார்கள். கொழுந்து வாடுவதைப் பார்த்து, டீ குடித்து, எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்தார். "ஹூ ரன்ஸ் திஸ் ஃபாக்டரி?" என்று ஒரு வெள்ளைக்காரம்மா அவரிடம் கேட்டாளாம். தரை வழுக்கும், இங்கே யாரும் ஓடக் கூடாது, எல்லாரும் நடந்துதான் போவோம் என்று அவர் பொறுப்பாகப் பதில் சொல்லியிருக்கிறார். சாயங்காலத்துக்குள் இந்தக் கதை தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவர் வேறு வேலைக்குப் போனதும் மேனேஜர் ஒரு முடிவெடுத்தார். மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களிலிருந்தே ஒருத்தியை எடுப்பது, இன்டர்வியூவில் ஒரே ஒரு வார்த்தையைக் கேட்பது. அந்த வார்த்தை ரன். அதற்கு எத்தனை அர்த்தம் இருக்கிறதோ அத்தனையும் படித்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். சும்மா ஆசையில்லை, வெறி. இருபது வருடமாக மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றாகிவிட்டது. கொழுந்து வெட்டும் கத்தரி பிடித்துப் பிடித்து வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. அதைவிட முக்கியம், எனக்குப் பேசப் பிடிக்கும். பேசாதே என்று சூப்பர்வைசர் திட்டாத நாளே கிடையாது. பேசுவதற்கே சம்பளம் தருகிறார்கள் என்றால் அது எனக்கென்றே செய்த வேலை அல்லவா? இஸ்திரி போட்ட சேலையில், உலர்ந்த தரையில், செருப்போடு நிற்பதை நினைத்தாலே தலைகால் புரியவில்லை.

பேர் கொடுத்தது நாங்கள் நாலு பேர். நாலு பேரும் ஒரே மலையில் வேலை செய்பவர்கள், ஆளுக்கொரு நிரையாக அடுத்தடுத்த தேயிலைச் செடி வரிசைகள் எங்களுடையவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போனவர்கள் சர்ச்சுக்குப் போனவர்கள் எல்லாரும் வந்தபிறகு, என் மகளின் டிக்‌ஷனரியை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். ஒரு பக்கம் புரட்டினோம், ரன் முடியவில்லை. இன்னொரு பக்கம், அப்போதும் முடியவில்லை. ஆள் ஓடினால் ரன். ஆறு ஓடினாலும் ரன், மூக்கு ஒழுகினாலும் ரன், துவைக்கும்போது சேலையில் சாயம் போனாலும் ரன். மெஷின் ஓடுவது, சினிமா நூறு நாள் ஓடுவது, கடை நடத்துவது, பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்பது எல்லாம் ரன்னாம். எலெக்‌ஷனில் நிற்பது எப்படி ஓடுவதாகும் என்று ஒருத்தி கேட்டாள். ஜெயித்தபிறகு நம்மைக் கண்டால் ஓடுவார்களே, அதுதான் என்று இன்னொருத்தி சொல்ல, வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இவ்வளவையும் ஒருத்தி எப்படி மனப்பாடம் செய்வது? எங்களுக்குத் தெரிந்த வழியில்தான் செய்தோம். மலையை நிரை நிரையாகப் பிரிப்பது மாதிரி ரன்னையும் பிரித்தோம். ஃபாக்டரி, கடை, நிர்வாகம் என்று நடத்துகிற வகையெல்லாம் எனக்கு. அதோடு மேனேஜ், ஆப்பரேட் என்று அதன் சொந்தபந்தங்களும் எனக்கு. தேர்தல், சாயம், மூக்கு என் இடது பக்கத்து நிரைக்காரிக்கு. என்னைவிடப் பத்து வயது சின்னவள், வருடம் முழுக்க ஜலதோஷம் என்பதால் மூக்கை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆறும் சினிமாவும் மற்ற இரண்டு பேருக்கும் போயின. இன்டர்வியூ ஒவ்வொருத்தியாக நடக்கும் என்பது ஒருத்தி மண்டையிலும் உறைக்கவில்லை. பங்கு சரியாக விழுந்ததில் பரம திருப்தி.

அந்த வாரம் முழுக்க மலையில் ஒரே கூத்து. கத்தரி ஒரு பக்கம் சத்தம் போட, நாலு வாயும் நாலு விதமாக ரன்னைச் சொல்லும். மூக்கை வாங்கிக்கொண்டவள் தும்மினால் "மை நோஸ் இஸ் ரன்னிங்" என்று சொல்லிவிட்டுத்தான் மூக்கைத் துடைப்பாள். சூப்பர்வைசர் எங்களுக்குப் பேய் பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் மலையாளம் கலந்த தமிழில் நலம் விசாரித்துவிட்டுக் கேட்டார், "ஷீ இஸ் ரன்னிங் இன் த பஞ்சாயத் எலெக்‌ஷன். எந்தா அர்த்தம்?"

எனக்குத் தெரியும். ஒரு வாரமாக என் இடது காதில் விழுந்துகொண்டே இருந்தது அதுதான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அது அவளுடைய நிரை. அடுத்தவள் நிரையில் எவ்வளவு தளதளவென்று கொழுந்து நின்றாலும் கை வைக்க மாட்டோம். வைத்தால் அன்றைக்கு மலையே ரெண்டாகும். எனக்கு அது எலும்பில் ஊறிப்போனது.

தெரியாதா என்று கேட்டார். "தெரியும் சார். ஆனா அது பக்கத்து நிரை. அந்தப் புள்ள வெளிய நிக்கா, அவளைக் கேளுங்க" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, போகலாம் என்றார். எவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டோம் என்ற பெருமையோடு நான் வெளியே வந்தேன்.

அடுத்து அவள் உள்ளே போனாள். கதவு திறந்தே இருந்தது. அவளிடம் கேட்டது அந்த வெள்ளைக்காரம்மாவின் பழைய கேள்வியை, என் நிரையின் நட்டநடுச் செடியை. அவள் இமைக்கக்கூட இல்லை. ரன் என்றால் நடத்துவது, மேனேஜ் பண்ணுவது என்று கடகடவென்று சொன்னாள். சொல்லிவிட்டு, "மேனேஜர் ரன்ஸ் த ஃபாக்டரி சார். வி ரன் பிகைண்ட் மேனேஜர்" என்று ஒன்றைச் சேர்த்தாள். மேனேஜர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வேலை அவளுக்குத்தான் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துபோயிற்று.

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பொறாமை என்றே சொல்கிறேன், எதற்கு மறைக்க வேண்டும்? லயத்துக்கு இறங்கும் வழியெல்லாம் பேசாமல் வந்தேன். நான் பேசாமல் வந்ததே அவளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். என்னக்கா என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

கடைசியில் நின்று கேட்டேன். "என் நிரையில கை வச்சிட்டியேடி. உன்னோடதை எங்கிட்ட கேட்டப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் தெறக்கல."

அவளுக்குப் புரியவே நேரமானது. புரிந்ததும் முகம் வாடிப்போய்விட்டது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். "நாம ஒண்ணாத்தானே படிச்சோம். உங்களுக்குக் கிடைச்சிருந்தா நான் லயம் பூரா முட்டாய் குடுத்திருப்பேன்."

வேலை கைநழுவிப் போனதற்கு வராத அழுகை அப்போது வந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் லயம் பூராவுக்கும் நானே முட்டாய் வாங்கினேன்.