ஐஸ் மூடிய கம்பளிக் கோட்

நோர்வேயில் நாய்க்கும் கோட் போடுகிறார்கள். சொன்னால் எங்கள் ஊர் கல்முனையில் நம்பமாட்டார்கள். அந்த நாய்களின் கோட்டில் நல்ல வாசம் வேறு. என்னுடையதில்தான் மீன் நாற்றம்.

தொண்ணூறில் இலங்கைச் சண்டையில் ஊர் கலங்கி, நாங்கள் பள்ளிக்கூடத்தில் அகதிகளாகக் கிடந்தபோது நோர்வே போன்ற வெளிநாடுகளிலிருந்து நிவாரண மூட்டைகள் வந்தன. அரிசி, பால்மா எல்லாம் தந்தார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நல்லது செய்யட்டும். உடுப்பில் எங்களுக்கு விழுந்ததோ முழங்கால்வரை தொங்கும் கம்பளிக் கோட்! வேர்த்து ஒழுகுகிற வெயிலில் அதை என்ன செய்வது? மீன் விற்கிற என் மச்சான் நிசார்தான் வழி கண்டான். சைக்கிள் பெட்டியிலிருந்த ஐஸை அந்தக் கோட்டால் மூடினான். பின்னேரம்வரை ஐஸ் கரையவில்லை. நான் நோர்வேக்கு வெளிக்கிட்ட அன்று அதையே என் கையில் திணித்தான்.

"கொண்டு போங்க மச்சான். இவ்வளவு நாளும் ஐஸ மூடின கோட், இனி உங்கள மூடட்டும்."

இங்கே வந்த முதல் குளிரில் அதுதான் என்னைக் காப்பாற்றியது. எத்தனை முறை உதறினாலும் பைக்குள் கைவிட்டால் ஒரு மீன்செதிலாவது விரலில் ஒட்டும்.

பொஸ்னியாவில் சண்டை தொடங்கியதும் எங்கள் தெருத் தேவாலய மண்டபத்தில் அந்தச் சனங்களுக்கு உடுப்புச் சேர்த்தார்கள். உதவலாம் என்று போனேன். பொறுப்பாக இருந்த கிறேத்தா என்ற பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு சுவெட்டரை நீட்டினார். 'தக்' என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன், வேறென்ன செய்ய? மறுகிழமையும் உதவப் போனேன்; காலுறை தந்தார். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. ஆயுள் முழுக்க வாங்குகிற பக்கத்திலேயே நிற்பதா? அந்த இடத்திலேயே கோட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"பொஸ்னியாவுக்கு."

கிறேத்தா மோந்து பார்த்தார். கை நேரே குப்பைப் பையை நோக்கிப் போனது.

"ஐயோ, வேணாம்!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு எனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வே மொழியில் மூட்டை வந்ததையும் நிசார் ஐஸ் மூடியதையும் சொன்னேன்.

"அந்த வெயிலுக்கா கம்பளி அனுப்பினோம்?" கிறேத்தா கண்ணில் நீர்வரச் சிரித்தார்.

"ஓம். நல்ல கோட். ஐஸ் கரையவே இல்லை."

இரண்டு நாள் காற்றில் தொங்கவிட்டு அனுப்பலாம் என்றார். சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வாசலுக்கு வந்ததும் குளிர் பிடித்து உலுக்கியது. பின்னாலேயே ஓடிவந்த கிறேத்தா தன் அண்ணனுடைய கோட்டை என் தோளில் போட்டார். கொடுக்கப் போனவன் திரும்பவும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். இந்தமுறை வெட்கமாக இல்லை.

இந்தக் கோட் சுத்தமானது, நல்ல சூடு. ஆனாலும் பஸ்ஸுக்கு நிற்கும்போது விரல் தன்பாட்டில் பையைத் துழாவுகிறது. ஒரு செதிலும் இல்லை. பொஸ்னியாவில் யாரோ ஒருவர் இந்நேரம் தன் பைக்குள் கைவிட்டு, இது எந்தக் கடல் மீன் என்று யோசித்துக்கொண்டிருப்பார்.