சோடாவுக்குப் பின்னால் ஒரு நீலக் கூடை

அந்தத் தெருவில் அவளுக்கு ‘ஜில்லக்கா’ என்று பெயர். கூல்டிரிங்ஸ் கடை வைத்திருப்பதால் வந்தது. குணத்தைப் பார்த்து வைத்திருந்தால் கொதிதண்ணி என்றுதான் வைத்திருப்பார்கள். ஆனாலும் அவள் கடை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், சோடா பாட்டில்களுக்குப் பின்னால், ஒரு நீலக் கூடை இருந்தது. தெருவில் சர்க்கரைக்கு ஊசி போடுகிற அத்தனை பேருடைய இன்சுலினும் அதற்குள்தான்.

தெரு முழுக்கத் தகரக் கூரை. நண்பகலில் வீட்டுக்குள் அப்பளம் காய வைக்கலாம். ஃப்ரிட்ஜ் வாங்கிய வீடு ஒன்றுகூடக் கிடையாது. டெய்லரின் சின்னப் பெண்ணுக்கு ஊசி ஆரம்பித்த புதிதில், அவன் பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றான். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் ஒரு சோடா கேட்டான். ஜில்லக்கா சோடாவைக் கொடுத்துவிட்டுப் பாட்டிலைப் பிடுங்கி உள்ளே வைத்தாள். அப்புறம் வாட்ச்மேன், மீன்காரம்மா என்று கூடை நிறைந்துவிட்டது. சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஃப்ரிட்ஜை அவளைத் தவிர யாரும் திறக்கக் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் டமாரென்று வெடித்தது. ஜில்லக்கா வியாபாரத்தை நிறுத்தி, ஃப்ரிட்ஜ் கதவைக் கயிறு போட்டுக் கட்டினாள். உடனே கூட்டம் வந்தது. தன் பாட்டில் சில்லென்று இருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டுமாம் ஒவ்வொருவருக்கும். நீங்கள் தொட்டால் மருந்து குளிராது, உங்கள் கன்னம்தான் சூடாகும் என்று சொல்லி எல்லாரையும் விரட்டினாள். டெய்லர் மட்டும் நகரவில்லை. பெண்ணுக்குச் சாயங்காலம் ஊசி. கைவசம் அந்த ஒரு பாட்டில்தான். ஆஸ்பத்திரியில் மருந்து தரும் கவுன்ட்டர் நாளைக்குத்தான் திறக்கும். போன தடவை மருந்து தட்டிப்போய், குழந்தை மயங்கி விழுந்து, அவன் தோளில் போட்டுக்கொண்டு ஓடியதைத் தெருவே பார்த்தது.

கடையைப் புருஷனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கரன்ட் எப்போது வரும் என்று லைன்மேனிடம் கேட்டுவர ஜில்லக்கா போனாள். நாளைக்குத்தான் என்று அவன் கம்பத்தில் தொங்கியபடியே சொன்னான். திரும்பி வந்தால், ஃப்ரிட்ஜ் கயிறு தரையில் கிடந்தது.

அவள் புருஷன் பரீட்சையில் பாஸான பையன் மாதிரி நின்றான். “எல்லாத்தையும் ஐஸ்கிரீம் பெட்டிக்கு மாத்திட்டேன். அதுல இன்னும் ஐஸ் கட்டி இருக்குல்ல.”

ஜில்லக்கா அவனைத் தள்ளிவிட்டுப் பெட்டிப் பக்கம் பாய்ந்தாள். இன்சுலின் குளிரலாம், உறையக் கூடாது. ஆஸ்பத்திரி நர்ஸ் அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னது அது ஒன்றுதான். பெட்டியைத் திறந்தாள். கூடைக்கு அடியில் சாக்கு விரித்திருந்ததால் பாட்டில்கள் தப்பித்திருந்தன. ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தாள், மருந்து ஆடியது. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது.

“எங்க பாப்பாவோடது கீழ இருக்குக்கா,” என்றான் டெய்லர். “நல்லா குளிரட்டும்னு நான்தான் ஐஸுக்கு நடுவுல சொருகினேன்.”

எடுத்தாள். சாய்த்தாள். ஆடவில்லை.

அவன் அதை வாங்கி உள்ளங்கையில் பொத்திக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் உருகி, பழையபடி தெளிவாகிவிட்டது. பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சும்மா இருந்துவிட்டால் கடைக்கும் கெட்ட பெயர் வராது. டெய்லரின் முகத்தில் உயிர் வந்தது.

“சரியாயிடுச்சுக்கா, பாருங்க.”

“இல்ல தம்பி. இனிமே ஊசி ஏறும், மருந்து ஏறாது.”

அவன் கொடுக்க மறுத்தான். அவள் விரல் விரலாகப் பிரித்து எடுத்து, மூடியைக் கத்தியால் நெம்பி, அவன் கண் முன்னாலேயே சாக்கடையில் ஊற்றினாள். டெய்லர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். புருஷனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

அவள் ஓடிய ஓட்டம் மீன்காரம்மா வீட்டில் போய் நின்றது. மீன்காரம்மாவுக்கும் அதே மருந்துதான். சீல் உடைக்காத பாட்டில் ஒன்று அதே கூடையில் இருந்தது. கேட்க வேண்டியதை மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். மீன்காரம்மா எழுந்து சேலையை உதறினாள்.

“எடுத்துக் குடுடி. இதுக்குப் போய் ஓடி வருவியா? உன் வீட்டுக்காரன்கிட்ட மட்டும் இனிமே எதையும் பாத்துக்கச் சொல்லாத, குழம்பைக்கூட.”

கையோடு தன் தெர்மாகோல் மீன் பெட்டியையும் தூக்கி வந்தாள். ஜில்லக்கா அடியில் ஐஸை நிரப்பினாள். மேலே டெய்லர் வெட்டுத்துணிகளைத் தடிமனாகப் பரப்பினான். கூடை அதன் மேல் ஏறியது.

கடை வாசலிலேயே ஊசி போட்டு முடித்ததும் பெண் அப்பாவின் கையை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தது. “என்னப்பா, மீன் நாறுது?”

ஜில்லக்கா பெட்டியை மூடி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். புருஷன் பெட்டிக்குக் கை எட்டாத தூரத்தில் நின்றுகொண்டான்.