தொப்புள் உள்ள கோலிகள்

எங்கள் தோட்டத்தில் மண்ணைக் கிண்டுவது குற்றம். ரப்பர் மரத்தில் பால் வெட்டலாம், விறகு பொறுக்கலாம், ஓடையில் குளிக்கலாம். முழ ஆழத்துக்கு ஒரு குழி தோண்டினால் மட்டும் வம்பு. இரத்தினபுரிப் பக்கத்து மண் அப்படி. உள்ளே மாணிக்கக் கல் கிடக்கலாம், கிடந்தாலும் அது தோண்டியவனுக்குச் சேராது. வாழைக் கன்று நடக் குழி எடுத்தால்கூடத் தோட்டத்தைக் காவல் காக்கும் வாச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். தொண்ணூறுகளின் நடுவில், ஒன்பது வயதில், இந்தச் சட்டத்தை மீறி நான் தனியாளாக ஒரு சுரங்கம் நடத்திக்கொண்டிருந்தேன்.

நான் தேடியது கோலி. துரை பங்களாவுக்குக் கீழே ஓடைவரை இறங்கும் சரிவில், எந்தக் காலத்திலோ அங்கே குடியிருந்த வெள்ளைக்காரத் துரையின் பிள்ளைகள் விளையாடித் தொலைத்த கண்ணாடிக் கோலிகள் புதைந்து கிடந்தன. பெருமழை பெய்து மண் கரைந்த மறுநாள் எங்காவது ஒன்று தலையை நீட்டும். அந்த இடத்தைச் சிரட்டையால் தோண்டி, மண்ணைப் பழைய கூடையில் போட்டு, ஓடைத் தண்ணீரில் சுழற்றி அலசுவேன். மாணிக்கக் குழிக்காரர்கள் கல் தேடுவதும் இப்படித்தான். அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு வேறு எப்படி அலசத் தெரியும்?

பையன்கள் கோலி அடித்தார்கள், நான் சேர்த்தேன். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி இந்த வேலை?” என்று அம்மா திட்டுவாள். மாமா மட்டும் என் கட்சி.

மாமா அம்மாவின் தம்பி. டவுனில் கல்லுக்குப் பட்டை தீட்டும் கடையில் வேலை பார்த்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார். ஒருமுறை முதலாளியிடம் கேட்டு, கல் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து என் கோலிகளைப் பரிசோதித்தார்.

“மருமகளே, இதுக்குத் தொப்புள் இருக்கு பாரு!”

பார்த்தேன். உள்ளே சிவப்பும் நீலமுமாக நாடா சுற்றி ஓடிய கோலியின் ஒரு முனையில் சின்னதாக ஒரு சொரசொரப்பு. கடைக்குக் கல் வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் சொன்னதாக மாமா விளக்கினார். அந்தக் காலத்தில் கோலியைக் கையால்தான் செய்தார்களாம். வண்ணக் கண்ணாடி இழைகளைத் தெளிந்த கண்ணாடிக்குள் வைத்து, உலையில் இளக்கி, நீளக் கம்பியாக இழுத்து, சூடு ஆறுவதற்குள் முறுக்குவார்களாம், தேர்த் திருவிழாவில் மிட்டாய்க்காரன் முறுக்குகிற மாதிரி. பிறகு நுனியைக் குழிவான ஒரு கத்தரிக்குள் வைத்து, உருட்டி உருட்டி அறுத்து எடுப்பார்கள். அறுத்த இடம் தழும்பாக நின்றுவிடும். மெஷினில் செய்த கோலிக்கு அது கிடையாது.

“தாய்கிட்டருந்து அறுத்து எடுத்தாத்தானே தொப்புள் வரும்? மெஷின் கோலிக்கு ஏது தாய்?” என்றார் மாமா.

அன்றிலிருந்து நான் தொப்புள் பார்க்காமல் எந்தக் கோலியையும் சேர்த்துக்கொள்வதில்லை. தேறியவை பால்மா டின்னுக்குள் போய், விறகுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன.

ஒருநாள் வாச்சரிடம் மாட்டிக்கொண்டேன். கூடையும் கையுமாக ஓடையில் நின்றவளைப் பார்த்தால் அவருக்கு என்ன தோன்றும்? கோலி என்று காட்டியும் விடவில்லை. “எதத் தோண்டினாலும் தோண்டினதுதான். இன்னொரு வாட்டி பாத்தேன், பொலிஸ் ஜீப்பு வரும். ஒன்னையப் புடிக்க மாட்டாங்க. ஒங்க வீட்டு ஆம்பளைங்களத்தான் அள்ளிக்கிட்டுப் போவாங்க.”

சின்னப் பிள்ளையை மிரட்டச் சொன்ன பேச்சு. எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் சொன்னால் அடி விழும், சொல்லாவிட்டால் ஜீப் வரும். இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தேன்.

அந்த வாரம் பார்த்து மாமா, ஞாயிறு வருமுன்னே வந்து நின்றார். கொழும்பில் எங்கோ குண்டு வெடித்து ஆட்கள் செத்திருந்தார்கள். டவுனில் தமிழ் ஆட்களைப் பிடித்துச் சோதிப்பது கடுமையாக இருந்ததால், கொஞ்ச நாள் தோட்டத்தில் இருந்துவிட்டு வரச் சொல்லி முதலாளி அனுப்பியிருந்தார். அப்பாவும் அம்மாவும் அவரோடு குசுகுசுவென்று பேசினார்கள், என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள். வாச்சர் போட்டுக்கொடுத்துவிட்டார் என்றே நான் முடிவுகட்டினேன்.

ஜீப் வந்தேவிட்டது. பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு எல்லோரும் லயத்து வீடுகளுக்குத் திரும்பியிருந்த நேரம். சத்தம்தான் முதலில் கேட்டது. அம்மா அரிசி களைந்த கையோடு அப்படியே நின்றாள். மாமா பின்வாசலைப் பார்த்தார்.

“ஓடாத. ஓடினாத்தான் சந்தேகப்படுவாங்க” என்றார் அப்பா.

மாமா சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான் மாட்ட அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

ஆண்களை மட்டும் வெளியே வரிசையாக நிறுத்தினார்கள். அதிகாரி சிங்களத்தில் அடையாள அட்டை கேட்டார். அப்பா காட்டினார். மாமாவிடம் அட்டை இல்லை. அவர் பிறந்தபோது பதிவு செய்யாமல் விட்டிருந்தார்கள், தோட்டத்தில் அப்படிப் பலர். “எழுதிப் போட்டிருக்குங்க ஐயா, இன்னும் வரலைங்க” என்று அம்மா சிங்களத்திலும் தமிழிலுமாக மன்றாடினாள். அதிகாரி திரும்பியும் பார்க்கவில்லை. மாமாவை ஜீப்பின் பின்பக்கம் ஏற்றினார்கள்.

அட்டையாவது மட்டையாவது! தோண்டியது நான், பிடிபட்டது மாமா. எனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. உள்ளே ஓடி டின்னை எடுத்து வந்து ஜீப்புக்கு முன்னால் நின்றேன். பள்ளிக்கூட வழியில் பழகிய சிங்களத்தில் கத்தினேன்.

“மாத்தயா, தோண்டினது மாமா இல்ல, நான்! எல்லாம் இதுக்குள்ள இருக்கு. எடுத்துக்கிட்டு மாமாவ விட்டுருங்க!”

அதிகாரி டின்னைத் திறந்து பார்த்தார். பிறகு குனிந்து, முதல்முறையாக மென்மையான குரலில் கேட்டார்.

“எங்க தோண்டினீங்க?”

“மருமகளே, வீட்டுக்குப் போ!” என்று ஜீப்புக்குள்ளிருந்து மாமா அலறினார். அவர் என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை. அம்மா என் வாயைப் பொத்த வந்தாள், ஒரு பொலிஸ்காரர் அவளைத் தடுத்தார். நான் இடத்தைக் காட்டினேன். காட்டினால் விட்டுவிடுவார்கள் என்றுதானே நினைப்பேன்?

சரிவில் என் குழி ஒவ்வொன்றிலும், தோளில் மாட்டியிருந்த துவக்கின் முனையை விட்டுக் கிளறினார்கள். மாமாவையும் கூட்டிவந்து, என்ன புதைத்தாய், யார் கொடுத்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். லயமே மேலே நின்று பார்த்தது. கடைசிக் குழியில் ஏதோ தட்டுப்பட்டதும் எல்லாரும் ஓரடி பின்வாங்கினார்கள். ஒரு பொலிஸ்காரர் மட்டும் மெதுவாக விரலால் மண்ணை விலக்கினார்.

பச்சைக் கோலி. தொப்புள் உள்ளதுதான் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன்.

அதிகாரி அதைத் துடைத்து டின்னுக்குள் போட்டார். டின்னையும் எடுத்துக்கொண்டார், மாமாவையும் கொண்டுபோனார்கள்.

யூனியன் தலைவரும் இப்போதைய தோட்டத் துரையும் போய்ப் பேசி, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மாமா வந்தார். மெலிந்திருந்தார், ஒரு காலை இழுத்து நடந்தார். ஜீப்பிலிருந்து விழுந்துவிட்டதாக வீட்டில் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

“கோலியக் குடுத்ததாலதானே மாமா விட்டாங்க?” என்று கேட்டேன்.

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா என் தலையைத் தடவி, “ஆமா மருமகளே, ஒன் கோலிதான் என்னையக் கூட்டியாந்துச்சு” என்றார். இந்தப் பெருமையை நான் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

மாமா அதன் பிறகு டவுன் வேலைக்குப் போகவில்லை. தோட்டத்துப் பாதையில் எந்த வாகனம் ஏறி வரும் சத்தம் கேட்டாலும், அது ரப்பர் ஏற்றும் லொறியாகவே இருந்தாலும், சாப்பிடுகிற தட்டை வைத்துவிட்டு எழுந்து பின்வாசல் வழியாகச் சரிவில் இறங்கிவிடுவார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். என் டின் போனதற்கு ஈடாகக் கோலி தேடத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் மழையில் நனைந்து, கை கால் எல்லாம் மண்ணாகத் திரும்பி வரும்போது வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன்.

“இன்னைக்கும் கெடைக்கலையா மாமா?”

“கெடைக்கல மருமகளே” என்பார்.