தண்ணீர் பார்த்தது மச்சமில்லை

என் பெயர் அழகுமலை. இலுப்பூரைச் சுற்றி எந்தத் தோட்டத்தில் போய் மோட்டாரைப் போட்டாலும், மேலே வருகிற தண்ணீரில் பாதி நான் இடம் பார்த்துக் கொடுத்ததாக இருக்கும். மீதிப் பாதி, முதலில் வேறு ஆளிடம் போய் ஏமாந்து, பிறகு என்னிடம் வந்தவர்களுடையது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதை முழுதாக முடித்தேனா என்பதில் என் வாத்தியாருக்கே சந்தேகம் இருந்தது. இதை எழுதுவது நான்தான். பிழை திருத்தியது மட்டும் மருமகள்.

பதினோரு வயதில் கிணறு வெட்டுகிற கூட்டத்தோடு போனேன். கடப்பாரையைப் பாறைமேல் போட்டால் எழும்புகிற சத்தத்தை வைத்தே கீழே வெடிப்பு இருக்கிறதா, இல்லை முழுக் கல்லா என்று சொல்லிவிடுவேன். இதை எந்தக் கல்லூரியிலும் சொல்லிக் கொடுப்பதில்லை. நாற்பத்தொரு வயதில், ஆழ்துளைக் கிணறு போடுகிற பழைய போர் வண்டி ஒன்று வாங்கினேன். இப்போது இரண்டு வண்டி ஓடுகிறது. வெளியூர் வண்டிக்காரர்கள் இந்தப் பக்கம் வந்தால் என் வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். மரியாதைதான். கொஞ்சம் பயமும் உண்டு.

இத்தனையும் யாரால் வந்தது என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். என் மச்சத்தால் என்பார்கள்.

மூக்கும் கன்னமும் சேருகிற இடது மடிப்பில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். பிறவியிலிருந்தே உண்டு. நாற்பது அடிக் கிணற்றுக்குள் தோல் உரிய உடைத்துக்கொண்டிருந்த காலத்தில் அதை ஒருத்தனும் கண்டுகொள்ளவில்லை. போர் வண்டி வாசலில் வந்து நின்ற அன்றைக்குக் கண்டுபிடித்துவிட்டார்கள். "மச்சக்காரன்யா" என்றான் ஒருவன். அதோடு போயிற்று என் உழைப்பு. மூக்கில் மச்சம் இருப்பவனுக்குப் பூமிக்கடியில் ஓடுகிற தண்ணீரின் வாடை தெரியுமாம். இடம் பார்க்கப் போனால் நான் எந்தப் பாறையைத் தட்டுகிறேன், எந்தக் கரையான் புற்றைச் சுற்றி வருகிறேன் என்று யாரும் பார்ப்பதில்லை. மூக்கைப் பார்த்தபடியே பின்னால் வருவார்கள். குணசேகரன் என்று ஒரு கணக்கு வாத்தியார், ஓய்வு பெற்றவர், ஒரு நாள் என் தாடையைப் பிடித்தே திருப்பினார்.

"அண்ணே, இங்கிட்டுத் திரும்புங்க. மச்சம் ஈசானி மூலையப் பாக்கட்டும்."

முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த மனிதர். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

என் மகன் வசந்தகுமாரும் சளைத்தவன் இல்லை. தொழிலுக்கு விசிட்டிங் கார்டு அடித்தான். அதில் என் படம். மச்சத்தை மட்டும் கம்ப்யூட்டரில் நாவல்பழம் அளவுக்குப் பெரிதாக்கியிருந்தான். "அதுதாம்ப்பா நம்ம பிராண்டு" என்றான்.

இப்படி இருக்கையில் போன மாசியில் அந்த மச்சம் சேட்டையைத் தொடங்கியது. சவரம் செய்தால் ரத்தம். மிளகு, பட்டாணி ஆனது. வட்டமாக இருந்தது ஓரம் கோணி, கறுப்புக்குள் ஒரு சிவப்பும் ஓடியது. எடுத்துவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்கிறேன், ரத்தம் வராவிட்டாலும் எடுத்திருப்பேன். ரத்தம் எனக்குக் கிடைத்த சாக்கு.

"அதுல கை வைக்காதீங்க. அது வந்தப்பறந்தான் இந்த வீடே வந்துச்சு" என்றாள் என் மனைவி கண்ணாத்தாள்.

"அது நான் பொறக்கையிலயே வந்துச்சு. வீடு என் நாப்பத்தஞ்சாவது வயசுல வந்துச்சு. நடுவுல அது எங்க போயிருந்துச்சு, சிங்கப்பூருக்கா?"

"நேரம் பாத்துக்கிட்டு இருந்துச்சு."

இவளிடம் பேசி ஜெயித்தவன் இந்த மாவட்டத்தில் இல்லை. நானே இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வசந்தகுமார் வேறு மாதிரி வந்தான். "யப்பா, ஆவணி வரைக்கும் புக்கிங் கெடக்கு. மச்சம் இல்லன்னு தெரிஞ்சா பார்ட்டி பூராம் வேற வண்டியப் பாத்துப் போயிருவான். சீசன் முடியட்டுமே."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மச்சம் போனால் தொழில் படுக்கும். மச்சம் இருந்தால், ஐம்பது வருஷம் நான் பட்ட பாடு கடைசிவரை அதன் பெயரிலேயே இருக்கும். நான் செத்தாலும் "மச்சக்காரர் போயிட்டாரு" என்றுதான் சொல்வார்கள். இதற்கு நடுவில் மாட்டிக்கொண்டு நாலு மாதம் ஓடியது.

எப்படி எடுப்பது என்பதற்கு ஊரில் யோசனைக்குப் பஞ்சமில்லை. சவரக் கடையில் குதிரைவால் முடியை இறுக்கிக் கட்டச் சொன்னார்கள், எட்டே நாளில் உதிருமாம். என் கொழுந்தியாள் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைக்கச் சொன்னாள். அவள் தன் கழுத்து மச்சத்துக்கு வைத்துக்கொண்டவள். மச்சம் போய்விட்டது. அதைவிட மூன்று மடங்கு தழும்பு இருக்கிறது. பியூட்டி பார்லரில் ஐந்து நிமிஷத்தில் கரித்துவிடுவார்கள் என்றது இன்னொரு கட்சி. நான் வெடி வைத்துப் பாறை பிளந்தவன். எந்த மருந்தை எங்கே வைக்கலாம் என்று எனக்குத் தெரியும். மூக்குக்குப் பக்கத்தில் எதையும் வைக்கக்கூடாது என்பதும் தெரியும். புதுக்கோட்டைக்குத் தோல் டாக்டரிடம் போனேன். கண்ணாத்தாள் காவலுக்கு வந்தாள்.

டாக்டர் சிவரஞ்சனிக்கு என் மகள் வயது இருக்கும். விளக்கு வைத்த ஒரு கண்ணாடியை மச்சத்தின்மேல் ஒட்டிப் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார்.

"எத்தனை மாசமா இப்படி இருக்கு, ஐயா?"

"நாலு மாசமா."

"ஏன் இவ்ளோ நாள் வரல?"

"ஆலோசன நடந்துச்சு."

"யாரோட?"

"ஊரோட."

அவர் சிரிக்கவில்லை. "கரிக்க வேணாம், எந்த மருந்தும் வைக்க வேணாம். கரிச்சுட்டா சோதிச்சுப் பாக்க ஒண்ணும் மிஞ்சாது. மரத்துப்போக ஊசி போட்டு, சுத்தி இருக்கிற நல்ல தோலும் கொஞ்சம் சேர வெட்டி எடுத்து, திருச்சி லேபுக்கு அனுப்பிடுவோம். பெரும்பாலும் பயப்படுற மாதிரி இருக்காது. ஆனா ரிப்போர்ட் வராம அத உறுதியாச் சொல்ல மாட்டேன்."

தொழில் தெரிந்த பெண். நானாக இருந்தால் உறுதியாகச் சொல்லியிருப்பேன்.

"ஏம்மா, அந்தத் துண்டத் திருப்பிக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள் கண்ணாத்தாள்.

"அது மருந்துல ஊறிப்போய் பாட்டில்ல கெடக்குமேம்மா."

"பாட்டிலோடயே குடுத்தாலும் சரிதான். சாமி மாடத்துல வச்சுக்கிறேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அடுத்த புதன்கிழமை என்று நாள் குறித்தாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் வசந்தகுமாருக்குக் கோபம். கோபத்தில் நாலு பேரிடம் சொல்லிவிட்டான். திங்கட்கிழமை காலை நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஏழு மோட்டார் சைக்கிள். அத்தனை பேருக்கும் ஒரே கோரிக்கை: மச்சம் இருக்கும்போதே எங்கள் தோட்டத்துக்கு ஒரு நடை வந்துவிடுங்கள். போர் போடப் பணம் திரளாதவன்கூட இடத்தை மட்டுமாவது குறித்து வைத்துக்கொள்ள வந்திருந்தான். குணசேகரன் வாத்தியாருக்கு ஏற்கெனவே போரில் இரண்டு இஞ்சு கனத்துக்குத் தண்ணீர் ஓடுகிறது. அவரும் நின்றார்.

"ஒங்களுக்கு எதுக்கு சார் இன்னொண்ணு?"

"இருக்கட்டும்ணே. பேரன் காலத்துக்கு ஆவும். அப்ப மச்சத்துக்கு எங்க போறது?"

இரண்டு நாளில் பதினோரு தோட்டம். எல்லாவற்றுக்கும் போனேன். வருகிற தொழிலைத் தள்ளுகிறவன் நானில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்ணைச் சுற்றி நிற்பதுபோல அந்த மச்சத்தைச் சுற்றி ஆட்கள் நின்றபோது வயிறு எரிந்தது. மனிதன் நான் ஒருவன் அதற்குப் பின்னால் நிற்பது யார் கண்ணிலும் படவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, உண்ணாமலை வந்தாள். நார்த்தாமலை பக்கத்துக்காரி. புருஷன் இல்லாதவள், இரண்டு ஏக்கர் கொல்லைக்காடு வைத்து ஒண்டியாகப் பாடுபடுகிறவள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"ஒனக்கும் எடம் பாக்கணுமா, தாயி? இருட்டப்போவுதே."

"இப்ப வேணாம்ணே. வெயாழக்கெழம வாங்க."

"அன்னைக்கு மச்சம் இருக்காதே."

"அதுக்குத்தான் சொல்றேன். அது எங் கொல்லையில எண்ணூறு அடிக்குப் புழுதியத் துப்புச்சுல்ல? அந்தச் சனியன் போனப்பறம் வாங்க."

நான் பார்த்த இடம் தப்பியதே இல்லை என்று மேடை போட்டுச் சொல்கிறவன் நான். பொய் இல்லை. இவள் கொல்லையை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி நடந்தது. பசுவையும் கன்றையும் விற்றுப் போர் போட்டாள். எண்ணூறு அடி இறக்கியும் ஈரம்கூட இல்லை. அன்றிலிருந்து மழையை நம்பி ஒரு போகம் கடலை, அவ்வளவுதான் அவள் விவசாயம்.

"நீங்க என்னண்ணே செய்வீங்க, பாவம். மூஞ்சியில அது ஒக்காந்துக்கிட்டு ஒங்களுக்கும் தப்பாக் காட்டியிருக்கு. ஒங்க மேல எனக்கு வருத்தமே இல்ல" என்றாள்.

நல்ல வழி திறந்துவிட்டாள். ஆமாம் தாயி என்று ஒரு தலையாட்டல் போதும். மறுநாள் மச்சம் பாட்டிலுக்குள் போகும், அந்த எண்ணூறு அடிப் புழுதியும் அதோடு போகும். ஆனால் புழுதியை மச்சத்தின் தலையில் கட்டினால் தண்ணீரையும் அதற்கே கொடுக்க வேண்டும். இதை மட்டும் நீ செய்தாய், அதெல்லாம் நான் செய்தேன் என்று ஒரு மச்சத்தோடு எப்படிப் பாகம் பிரிப்பது? கேட்டைத் திறந்துகொண்டு அவளிடம் போனேன்.

"மச்சம் செய்யல, ஆத்தா. நாந்தான் செஞ்சேன். அன்னைக்கு எனக்கு வேற ரெண்டு எடத்துல வேல. வண்டிய விட்டு எறங்காமலே கைய நீட்டி, அந்தா அங்க போடுன்னு சொல்லிட்டுப் போனேன்."

"எறங்கவே இல்லயா?"

"இல்ல. நான் கையக் காட்டுனா வந்துரும்னு எனக்கே ஒரு நெனப்பு."

அதுவரை அண்ணே அண்ணே என்று பேசியவள்தான். "அட நாசமாப் போறவனே!" என்று ஆரம்பித்தாள். பசுவின் பெயரைச் சொல்லித் திட்டினாள். கன்றின் பெயரைச் சொல்லித் திட்டினாள். காலில் ஆணியா, கால் தரையில் பட்டால் தேய்ந்துபோகுமா என்றாள். சத்தம் கேட்டுக் கண்ணாத்தாள் வெளியே வந்தாள். எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நல்லாக் கேளு தாயி" என்றாள்.

திட்டி ஓய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள் உண்ணாமலை. "வெயாழக்கெழம வரணும். எறங்கி நடக்கணும். நான் பின்னாலயே வருவேன்."

புதன்கிழமை வேலை இருபது நிமிஷத்தில் முடிந்தது. ஊசி குத்தியது மட்டும் தெரிந்தது. நாலு தையல், மேலே ஒரு பிளாஸ்திரி. சின்ன பாட்டிலுக்குள் அந்தத் துண்டு மிதந்ததைப் பார்த்தேன். இத்தனை வருஷம் என் பெயரைத் தின்றது அத்துனூண்டுதான். கண்ணாத்தாள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தையல் பிரிக்கிறவரை புழுதியில் நிற்கக்கூடாது என்றார் டாக்டர்.

வியாழக்கிழமை நடக்க மட்டும் போனேன். இரண்டு ஏக்கரை நாலு மணி நேரம் நடந்தேன். உண்ணாமலை நிழல்போலப் பின்னால் வந்தாள். நான் குனிந்தால் குனிந்தாள். சுண்ணாம்புக் கல் கலந்த சுக்கான் மண் முடிந்து பாறை தொடங்குகிற வரப்போரத்தில், கடப்பாரையை ஏழு இடத்தில் போட்டுக் கேட்டு, ஒரு இடத்தில் கல்லை நட்டேன். "இந்த மூளை அன்னைக்கு எங்க போச்சு?" என்றாள்.

அடுத்த வாரம் தையல் பிரித்தார்கள். ரிப்போர்ட்டும் வந்தது. கெட்டது எதுவும் இல்லை. "அப்ப எடுக்காமலே இருந்திருக்கலாமே" என்றாள் கண்ணாத்தாள். "எடுத்ததாலதாம்மா இது தெரியுது" என்றார் டாக்டர். அதற்குள் ஐந்து புக்கிங் போயிருந்தது. வசந்தகுமார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வண்டியை உண்ணாமலை கொல்லைக்குக் கொண்டுவந்தான். அவளிடம் காசு வாங்கக்கூடாது, டீசல் என் செலவு என்று நான் சொன்னதிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை.

மூக்கில் ஒன்றும் இல்லாத அழகுமலை என்ன செய்கிறான் என்று பார்க்க ஒரு கூட்டம். குணசேகரன் வாத்தியார் குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தார். நூறு அடி, வெறும் பாறைப் பவுடர். இருநூறு, அதே. முந்நூறு தாண்டியும் வெள்ளைப் புழுதி. நானூறில் வாத்தியார் குடையை மடக்கிக்கொண்டு கிளம்பினார். மகன் என்னைப் பார்த்தான். நான் காதைத் தீட்டிக்கொண்டு, துளை போடுகிற ராடு இறங்குகிற சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நானூற்று முப்பதில் சத்தம் மாறியது. பவுடர் கறுத்தது, பிறகு கட்டி கட்டியாக விழுந்தது. நானூற்று அறுபதில் தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்து அத்தனை பேரையும் சேறாக்கியது.

ஒன்றேகால் இஞ்சு. அதிகமில்லை. இரண்டு ஏக்கருக்கு, பார்த்துப் பாய்ச்சினால், போதும். உண்ணாமலை இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தாள். தலையில் தெளித்துக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"ஏண்ணே, அது இருந்திருந்தா ரெண்டு இஞ்சு வந்திருக்குமோ?"

"எது?"

"மச்சம்."

"வந்திருக்காது. இது நான் பாத்த தண்ணி. மச்சத்துக்கும் இதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல."

சேறு வழிகிற முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அந்த முக்கா இஞ்சையும் சேத்து நீங்க பாத்திருக்க வேண்டியதுதான?"

திட்டு எனக்கு, எனக்கு மட்டும். ஒரு சொல்கூட விடாமல் வாங்கிக்கொண்டேன்.