கடலில் கிடப்பவரும் எழுந்திருப்பார்

அக்கா தங்கச்சிமாரே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் கடல் என் புருஷனைக் கொண்டுபோனது. பேர் சவரிமுத்து. விடிவதற்கு முன் கட்டுமரம் தள்ளிப் போனார். மத்தியானம் மரம் மட்டும் கரைக்கு வந்தது, ஆள் வரவில்லை. நொச்சிக்குப்பத்து ஆண்பிள்ளைகள் எல்லாரும் தேடினார்கள். ஒரு துணித்துண்டுகூட அகப்படவில்லை.

அடுத்து கல்லறைத் திருநாள் வந்தது. சாந்தோமில் அவரவர் தங்கள் வீட்டார் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து மெழுகுதிரி கொளுத்தினார்கள். நான் திரியும் கையுமாக நடுவில் நின்றேன். எங்கே வைப்பேன்? வீட்டுக்கு வந்து திரியை உடைத்துப் போட்டேன்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று பிடித்துக்கொண்டது. அவரை மீன் தின்றிருக்கும். அந்த மீனை நானே கூடையில் வைத்து மயிலாப்பூர்ச் சந்தையில் விற்றிருப்பேன். பிறகு கடைசி நாளில் எந்த உடம்போடு எழுந்திருப்பார்? மண்ணில் புதைத்தவர்களுக்குத்தான் உயிர்ப்பு என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மீன் அறுக்கக் கை வரவில்லை, வியாபாரம் நின்றது. செபமாலை தொடங்கும்போது விசுவாசப் பிரமாணத்தில் ‘சரீர உத்தானம்’ என்று வரும் இடத்தில், உடம்பு எழுந்திருக்கும் என்று சொல்லும் அந்த இடத்தில், வாயை இறுக மூடிக்கொள்வேன்.

செபம் பண்ணினேன் என்று சொன்னால் பொய். சண்டை போட்டேன். “அவரோட ஒரு எலும்பாவது குடு சாமி. பொதச்சிட்டு சும்மா கீறேன்” என்று தினமும் கேட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒரு காலை, என் கொழுந்தன் அந்தோணி ஓடிவந்தான். “அண்ணி, கரையில ஒரு பொணம் ஒதுங்கிக் கீது!”

மாதக்கணக்கில் ஆகிவிட்டதே என்று நினைக்கக்கூடத் தோன்றவில்லை. என் சாமி கேட்டுவிட்டார் என்று தலைதெறிக்க ஓடினேன். பார்த்தால் வேறு யாரோ. தலையெல்லாம் நரை. என் புருஷனுக்கு ஒரு முடி நரைத்தது கிடையாது. எனக்கு வந்ததே கோபம்! “இன்னா சாமி, ஆள மாத்திக் குடுத்துட்டியே!” என்று கரையிலே நின்று கத்தினேன்.

அப்புறம்தான் கழுத்தைப் பார்த்தேன். நைந்துபோன உத்தரியம், மாதா படம் தைத்த துணி. அடப் பாவமே, இவரும் வேதக்காரர்! எந்தக் குப்பமோ, அங்கே ஒருத்தி என்னைப் போலவே எலும்பு கேட்டு அழுதுகொண்டிருப்பாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

போலீஸ்காரர் வந்து பார்த்தார். தேடி யாரும் வரவில்லை. அந்தோணி முனகினான். “நம்ம ஆளா இன்னா? நமக்கு இன்னாத்துக்கு அண்ணி?”

“வாய மூடிக்கினு தண்ணி கொண்டா.”

முகத்தை நானே கழுவினேன். சவரிமுத்து கல்யாணத்துக்குக் கட்டிய வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போர்த்தினேன்.

குழி முன்னால் சாந்தோம் கோயில் சுவாமியார் கேட்டார், “இவர் பேர் என்ன?”

“யாருக்குத் தெரியும் சாமி?” என்றான் அந்தோணி.

“படைச்சவருக்குத் தெரியும் சாமி. எழுப்பறப்ப பேர் சொல்லித்தான் கூப்புடுவாரு.”

சொன்னது யார் தெரியுமா? நான்தான்! சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. ஊர் தெரியாத இவரைப் பேர் சொல்லி எழுப்புகிறவருக்கு, சவரிமுத்து எந்த ஆழத்தில் கிடக்கிறார் என்று தெரியாதா? வெறும் மண்ணை மனுஷனாக்கியவருக்கு மீன் வயிறு ஒரு தடையா? அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் நிம்மதியாக அழுதேன்.

எலும்பு கேட்டேன், ஆண்டவர் அதைத் தரவில்லை. முழு ஆளையும் தருவேன் என்று என் வாயாலேயே சொல்லவைத்தார். ஸ்தோத்திரம்! மறுவாரமே கூடை தூக்கினேன், கறி தின்னாத தபசு காலத்தில் மீனுக்குத்தான் என்ன கிராக்கி! ‘சரீர உத்தானத்தை’ இப்போது பக்கத்து வீட்டுக்காரி காது அடைக்கும்படி சொல்கிறேன்.

ரங்கூனில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், கப்பலில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். கல்லறை இல்லையே என்று கலங்காதீர்கள். அவரை நம்புங்கள், அவர் ஒருவரையும் தொலைக்கிறவர் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு என்னோடு வாருங்கள், அந்தப் பேர் தெரியாதவர் கல்லறையில் உங்கள் திரிக்கும் இடம் உண்டு.

கடைசி நாளில் அந்த மனுஷன் எழுந்து, “நீ யாரம்மா?” என்று என்னைக் கேட்பார். நின்று பதில் சொல்ல எனக்கு நேரம் இருக்காது. நான் கடற்கரைக்கு ஓடிக்கொண்டிருப்பேன்.