எக்ஸ்ரேயில் விழுந்த கை

திண்டுக்கல்லில் ஒரு தனியார் எக்ஸ்ரே கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. நாகல் நகரிலிருந்து நடந்தே போய்விடுவேன். ஆண்பிள்ளை முன்னால் ரவிக்கையைக் கழற்றப் பெண்கள் மறுத்ததால்தான் என்னை வைத்தார்கள். அவர்களுக்கு மேல்துணி மாற்றிவிட்டு, படத்தகடு மாட்டிய பலகை முன் நிறுத்தி, அசையாமல் பிடித்துக்கொள்வது என் வேலை.

பகலிலும் அந்த அறை இருட்டு. சன்னல்களில் கறுப்புத் துணியை ஆணியடித்திருந்தார்கள். இயந்திரம் உறுமும், டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். சுடாது, வலிக்காது, வெளிச்சம்கூட வராது. உடம்புக்குள் ஏதோ புகுந்து போய்விட்டது என்பதற்கு அந்தச் சத்தம்தான் சாட்சி.

படம் எடுப்பவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஈயம் கலந்த கனத்த ரப்பர் அங்கி ஒன்றை மாட்டியிருப்பார். அவர் நகங்கள் கறுத்து வெடித்திருந்தன. வலது சுட்டுவிரலில் ஒரு புண், நான் சேர்ந்த நாளிலிருந்து ஆறவேயில்லை.

குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை அம்மாவோடு வருவாள். பதிமூன்று வயது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துகொண்டே போனது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்து டாக்டர் அளந்து பார்ப்பார். முதுகைப் பலகையில் சாய்த்து, நெஞ்சு இயந்திரத்தைப் பார்க்க நிறுத்துவோம். ஒருநாள் அவள் மிகவும் நடுங்கியதால், மார்பின்மேல் கை வைத்து அழுத்திப் பிடித்திருந்தேன்.

படம் எடுப்பவர் காய்ந்த படத்தை வெளிச்சப்பெட்டியில் மாட்டினார். வளைந்த எலும்பு, இருபுறமும் விலாக்கள். அந்த விலாக்களின்மேல் விரிந்த ஒரு கை, எலும்பு எலும்பாக. மனிதக் கையின் அளவை மீறிய கை.

அம்மாக்காரி கிட்டே வந்து பார்த்தாள். "இது யாரு கை?" என்றாள் மெதுவாக. கிணற்றில் விழுந்து செத்த தன் நாத்தனார்தான் பிள்ளையைப் பிடித்து வளைக்கிறாள் என்று நினைத்துவிட்டாள். நான் என் மோதிரத்தைக் காட்டினேன். படத்திலும் அதே விரலில் ஒரு வெள்ளை வளையம் இருந்தது. அவள் சமாதானமானாள். எனக்குத்தான் அன்று முழுவதும் அந்தக் கையால் எதையும் தொடப் பிடிக்கவில்லை.

அவர்கள் போனபின், கை ஏன் அவ்வளவு பெரிதாக விழுந்தது என்று கேட்டேன். இயந்திரத்துக்குக் கிட்டே இருந்தால் நிழல் பெருத்துவிடும் என்றார்.

"அண்ணே, நீங்க அங்கி போட்டுக்கிறீங்க. அந்தப் புள்ள மாருமேல அம்புட்டும் நேரா விழுகுதே, அதுக்கு ஒண்ணும் ஆகாதா?"

அவர் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கும் அப்ப ஒண்ணும் தெரியலம்மா. பல வருசம் கழிச்சுத்தான் இது வந்துச்சு. வளர்ற புள்ள மாரு, இதைவிட எளசு."

மறுநாளிலிருந்து கை, கால் படத்துக்கு வரும் பெண்களின் மார்பில் தன் அங்கியைப் போர்த்திவிட்டு, அவர் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அந்தப் பிள்ளைக்குப் போர்த்தினால் முதுகெலும்பு மறைந்துவிடும். ஆகவே அடுத்த முறை அவளைத் திருப்பி, நெஞ்சு பலகையில் படும்படி நிறுத்தினார். கதிர் முதுகு வழியாகப் போனால் மார்பை எட்டுவதற்குள் வேகம் பெருமளவு அடங்கிவிடும் என்றார். நான் பிடிக்க வேண்டாமென்று துணிப்பட்டையால் அவளைக் கட்டினோம்.

படம் இடவலம் மாறியிருக்கிறதென்று டாக்டர் கோபப்பட்டார். இவர் அதைப் பின்புறமாகத் திருப்பி மாட்டினார். டாக்டர் இரண்டு தடவை அளந்தார். பிறகு, இனி அவளுக்கு இப்படியே எடுக்கச் சொன்னார்.

சில வருடங்களில் அவருடைய புண் ஆறாத அந்த விரலை மதுரையில் வெட்டி எடுத்துவிட்டார்கள். அவர் திரும்ப வேலைக்கு வரவில்லை. புதிதாக வந்தவர் அந்தப் பெண்ணைப் பழைய மாதிரியே நிறுத்தப் பார்த்தார்.

"நான் திரும்பித்தான் நிப்பேன்" என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் பட்டையைக் கட்டிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே இயந்திரம் உறுமியது. டக்கென்ற அந்தச் சத்தத்துக்காகக் காத்து நின்றபோது, என் இரண்டு கைகளும் என் மார்பைப் பொத்திக்கொண்டிருந்தன.