எண்ணெய்ப் போத்தலோடு எடுத்த படம்

அம்மாளை நம்பும் உறவுகளே, இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கோடை முடியும்போது என் படிப்பு அத்தோடு போய்விட்டது என்றே நினைத்தேன். சாப்பாடு இறங்கவில்லை. அந்த நிலைக்கு என்னைக் கொண்டுவந்தது எதிரி அல்ல, என் உயிர்த்தோழி.

நான் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் படித்தவள். வீரர்களைத் தயார்படுத்துவதும், அடிபட்டால் முதலில் கவனிப்பதும், திரும்ப மைதானத்தில் இறக்குவதும்தான் நான் செய்ய ஆசைப்பட்ட தொழில். கடைசி வருடம் ஒரு கழகத்தில் பிரக்டிகும், அதாவது வேலைப் பயிற்சி, செய்தே ஆகவேண்டும். ஐஸ் ஹொக்கிக் கழகம் ஒன்றில் ஒரேயொரு இடம் இருந்தது. அது எனக்குத்தான் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். வகுப்பில் தமிழர் நானும், பாடன் நகரிலிருந்து வரும் தாரணியும்தான். ஒரே கோப்பையில் சோறு தின்றவர்கள்.

அந்தக் கோடையில் இங்கே புலம்பெயர்ந்து வாழும் எங்கள் ஆட்கள் நடத்திய உதைபந்தாட்டப் போட்டிக்கு இருவரும் போனோம். பந்துக்காப்பாளர் விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. எங்கள் ஆட்களைத் தெரியும்தானே. கால் பிரண்டால் போதும், யாராவது நோவெண்ணெயோடு உருவிவிட ஓடிவருவார்கள். அன்று வந்தவர் எம்மன்புரூக்கே நகரில் தொழிற்சாலை வேலை செய்யும் குணம் மாமா. எலும்பு முறிந்திருந்தால் உருவுவது எவ்வளவு ஆபத்தென்று எனக்குத் தெரியும்.

"மாமா, தொடாதேங்கோ" என்றேன். கேட்கவில்லை. போத்தலைப் பறித்துவிட்டேன். எல்லார் முன்னாலும் அவருக்கு முகம் கறுத்துப்போனது. அம்புலன்ஸ் வரும்வரை போத்தலும் கையுமாகக் காலருகே முழங்காலில் இருந்தேன். பக்கத்தில் நின்ற தாரணி படம் எடுத்தாள். எலும்பு முறிவுதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அடுத்த கிழமை பேராசிரியை கூப்பிட்டார். அவர் மேசையில் அந்தப் படம். மேற்பார்வை இல்லாமல் மாணவர் யாருக்கும் சிகிச்சை செய்யக்கூடாது என்பது கண்டிப்பான விதி. நானோ முறிந்த காலுக்கு எண்ணெய் தடவினேனாம். இல்லை என்றேன். என் கையில் போத்தல் இருக்கிறதே என்றார். விசாரணை முடியும்வரை எனக்குப் பிரக்டிகும் இல்லை. ஹொக்கிக் கழக இடம் தாரணிக்குப் போனது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சாட்சி சொல்லச் சொல்லி அவளிடமே போனேன், மடைச்சி.

"நீ பக்கத்திலதானே நிண்டனி. வந்து சொல்லுவியோ?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கும் அந்த இடம் வேணும்தானே. நீ கெட்டிக்காரி, உனக்கு வேற கிடைக்கும்" என்றாள்.

அப்போதுதான் படத்தைக் கொடுத்தது யாரென்று புரிந்தது. பந்துக்காப்பாளர் வலியில் கண்ணை மூடிக் கிடந்தவர், அவருக்கு ஒன்றும் தெரியாது. சுற்றி நின்றவர்கள் "எங்களுக்கேன் உந்தப் பிரச்சினை" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். குணம் மாமாவிடம் கேட்க எனக்கு முகமில்லை.

வெள்ளிக்கிழமை திரிம்பாக் அம்மன் கோயிலுக்குப் போனேன். பக்தியாகக் கும்பிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். அம்மாளோடு சண்டை பிடித்தேன். "நீயும் பாத்துக்கொண்டுதானே நிண்டனி. நீயும் வாய் திறக்கமாட்டியோ?" என்று கேட்டேன்.

தீர்த்தம் வாங்கித் திரும்பினால் எதிரே குணம் மாமா. "பிள்ளை, என்ர போத்தலைத் தாரும். ஊரிலயிருந்து எடுப்பிச்ச எண்ணெய்" என்றார். எனக்கு அழுகை வெடித்தது. நடந்ததையெல்லாம் கொட்டினேன்.

"உம்மில எனக்குச் சரியான கோபம்தான். ஆனா உருவ வந்தது நானெல்லோ. வந்து சொல்லுறன்" என்றார்.

லீவு எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அரைகுறை ஜெர்மனில் தொடங்கி, பிறகு தான் எண்ணெயோடு குனிந்ததையும் நான் பறித்ததையும் பேராசிரியைக்கு நடித்தே காட்டினார். பேராசிரியை என்னிடம் மன்னிப்புக் கேட்டார். ஹொக்கிக் கழகத்தில் தாரணி ஏற்கெனவே தொடங்கிவிட்டாள், அது திரும்பி வரவில்லை. பேராசிரியையே ஒரு பெண்கள் உதைபந்தாட்டக் கழகத்தில் எனக்கு இடம் எடுத்துத் தந்தார். பட்டம் முடிந்ததும் அவர்களே என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

நான் நம்பியவள் வாயை மூடிக்கொண்டாள். என்மேல் கோபமாக இருந்தவர் வந்து பேசினார். இதைத் தற்செயல் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். முன்பு பரீட்சை வந்தால்தான் கோயிலுக்குப் போவேன். இப்போது வேலை இல்லாத வெள்ளிகளில் அங்கேதான் நிற்பேன்.

தாரணியும் வருகிறாள். போன மாதம் வரிசையில் என் பின்னால் நின்று, "எல்லாம் நல்லா முடிஞ்சுதுதானே, இன்னும் கோபமோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஓம், கோபம்தான்" என்றேன்.

உறவுகளே, அம்மாளிடம் நல்ல பிள்ளை வேஷம் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கோபமென்றால் கோபத்தோடேயே போய் நில்லுங்கள், அவள் கேட்பாள். நம்பிப் போங்கள். தாரணிக்காகக் கும்பிட மட்டும் எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அதையும் அம்மாளிடம்தான் சொல்லியிருக்கிறேன்.